இடம் நான்காவது கேள்வி



ஒரு கடைக்காரர் மாலை ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை. ஏழிலிருந்து ஒன்பது வரைதான் கல்லா நிறையும் நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

தொழில் தொடங்கலாமா, வேண்டாமா? இருக்கிற கடையை இடம் மாற்றலாமா, வேண்டாமா? இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இந்த இரண்டு கேள்விகள்தாம். முப்பது ஆண்டுகளாகச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டிய அன்றும் போயிருக்கிறேன். ஷட்டரை இழுத்துவிட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்த அன்றும் போயிருக்கிறேன். இரண்டு நாளும் அதே மனிதர்தான். முகம்தான் வேறு. அந்த இரண்டாவது முகத்தை இந்த மன்றத்தில் ஒருவரிடமும் நான் பார்க்கக் கூடாது என்பதற்காகவே வந்திருக்கிறேன்.

கொஞ்ச நாளாக என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணே, பஞ்சப்பூர்ல ஒரு இடம் வருது. பிடிச்சிரலாமா?" 2025இல் நம் திருச்சியின் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போயின. மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவருக்கு வயிற்றில் புளி கரைகிறது. பஞ்சப்பூர்ப் பக்கம் கட்டடம் வைத்திருப்பவரோ மாதத்துக்கு ஒரு வாடகை சொல்கிறார். நடுவில் நிற்கிறார் நம் கடைக்காரர். போனால் என்ன ஆகும்? போகாவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதெல்லாம் எனக்குத் திருக்குறளின் ஒரு வரிசை நினைவுக்கு வரும். அதிகாரங்களின் வரிசையைத்தான் சொல்கிறேன். 47ஆவது அதிகாரம் தெரிந்து செயல்வகை. 48 வலியறிதல். 49 காலமறிதல். 50 இடனறிதல். அரசனுக்குச் சொன்ன வரிசை இது. முதலில் தீர யோசி. பிறகு உன் பலத்தை அள. பிறகு காலத்தைப் பார். அதற்கும் பிறகுதான் இடம்.

நாம் என்ன செய்கிறோம்? முதலில் இடம். "கார்னர் இடம்ணே, ரெண்டு பக்கமும் ரோடு" என்று அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறோம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு நல்ல நாள் பார்க்கிறோம். நல்ல நாள் குறித்த பிறகு முதலுக்கு ஓடுகிறோம். ஆறாவது மாதம் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் யோசனை வருகிறது. வள்ளுவர் வரிசையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டோம். அதை நிமிர்த்தி வைப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். எதிர்காலத்தில் வரப்போகும் லாபத்தை எண்ணி, கையில் இருக்கும் முதலை இழக்கிற காரியத்தில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்று அந்த 47ஆவது அதிகாரத்திலேயே ஒரு குறள் இருக்கிறது. முதல் என்ற சொல்லையே போட்டிருக்கிறார். வியாபாரிக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

ஒரு சகோதரி வந்தார். வீட்டிலேயே தையல். கை நன்றாக ஓடும். தெருவில் நல்ல பெயர். "சார், பஜார்ல ஒரு கடை எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "கடைன்னு இருந்தா நாலு பேர் வருவாங்கல்ல" என்றார். சரி, உட்காருங்கள் அம்மா, கணக்குப் போடுவோம் என்றேன். கடை வாடகை 8,000. மின்சாரம் 1,500. கொக்கி வைக்க, ஓரம் அடிக்க ஓர் ஆள், அவருக்கு 9,000. ஆக 18,500. ஒரு ஜாக்கெட் தைக்க 150 வாங்குகிறார். நூல், லைனிங், கொக்கி எல்லாம் போனால் கையில் நிற்பது 110. 18,500ஐ 110ஆல் வகுத்தோம். மாதம் 169 ஜாக்கெட். இருபத்தாறு நாள் வேலை என்றால் நாளைக்கு ஆறரை. அவர் அப்போது தைத்துக்கொண்டிருந்தது நாளைக்கு நான்கு.

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறரை தச்சா எனக்கு என்ன சார் மிஞ்சும்?" என்று கேட்டார். ஒன்றும் மிஞ்சாது அம்மா. ஆறரை என்பது கடை தன்னையே தூக்கிக்கொண்டு நிற்பதற்கு. ஏழாவது ஜாக்கெட்டிலிருந்துதான் உங்கள் பிள்ளைக்குப் பால்.

அவர் சோர்ந்துவிட்டாரா? இல்லை. அதுதான் எனக்குப் பெருமை. பத்து நாள் கழித்து வந்தார். பஜாரில் ஒரு மேட்சிங் சென்டர் வாசலில் தன் மெஷினைப் போட்டுக்கொண்டார். துணி எடுக்க வருகிறவர்கள் அங்கேயே அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிறிய தொகை ஒன்றைக் கடைக்காரருக்குக் கொடுக்கிறார். நாலு பேர் வரவேண்டும் என்றுதானே கடை கேட்டார்? வந்துவிட்டார்கள். இருபது நிமிடக் கணக்கு அவருடைய அட்வான்ஸைக் காப்பாற்றியது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார்கள் சும்மாவா சொன்னார்கள்? நாளைக்கு எத்தனை விற்றால் கடை நிற்கும் என்ற அந்த ஓர் எண் தெரியாமல் ஒரு கடையைத் திறக்காதீர்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது வலி, அதாவது பலம். இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1922. சிவகாசி. மழை பொய்த்த பூமி, விவசாயத்தை நம்பி வாழ முடியாத ஊர். அங்கிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறுகிறார்கள். எதற்கு? தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள. மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கி, தொழிலைக் கையால் கற்றுக்கொண்டு 1923இல் திரும்பி வருகிறார்கள். சொந்த ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்குகிறார்கள்.

இதில் நான் பார்ப்பது என்ன? கல்கத்தாவில் தொழில் இருந்தது, துறைமுகம் இருந்தது, வாங்குகிற கூட்டம் இருந்தது. அங்கேயே ஒரு பட்டறை போட்டிருக்கலாம். ஏன் வறண்ட சிவகாசிக்குத் திரும்பினார்கள்? தொழிலைக் கற்ற பிறகுதான் அவர்களுக்கு இடத்தின் அருமை புரிந்தது. தீக்குச்சிக்கு ஈரம் ஆகாது. ஈரக்காற்று அடிக்கிற ஊரில் குச்சி காயாது. சிவகாசியில் வெயிலுக்குப் பஞ்சம் உண்டா? மழை இல்லை என்று ஊரே அழுத இடத்தில், மழை இல்லாததே இந்தத் தொழிலுக்கு முதல் என்று கண்டுகொண்டார்கள். வேலை தேடும் கைகளும் அங்கே இருந்தன. பின்னால் பட்டாசும் அச்சுத்தொழிலும் அதே வெயிலில் வளர்ந்தன. அந்த வளர்ச்சிக்குக் குழந்தைகள் கொடுத்த விலையும் உண்டு; அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கற்றுக்கொண்டு வந்து பிறகு இடத்தைப் பார்த்த அந்த முறை இருக்கிறதே, அது இன்றைக்கும் செல்லும்.

பிரியாணிக் கடை போடப் போகிறேன் என்கிறார் ஒரு தம்பி. நல்லது. பிரியாணிக் கடையில் மூன்று மாதம் நின்றாயா? மாஸ்டர் ஒருநாள் வரவில்லை என்றால் நீ அடுப்பில் நிற்பாயா? நிற்பேன் என்றால் தொடங்கு. மாட்டேன் என்றால் கடை உன்னுடையது இல்லை, மாஸ்டருடையது. நீ வாடகை கட்டுகிற ஆள்.

பணபலமும் அப்படித்தான். மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை, சரக்கு, இவற்றோடு முதல் முடிந்துவிடுகிறது பலருக்கு. வியாபாரம் பழகும் வரை ஆறு மாத வாடகையும் வீட்டுச் செலவும் யார் கொடுப்பது? அதையும் சேர்த்ததுதான் முதல். அது இல்லாதவர் ஆறு மாதம் காத்திருக்கட்டும்; கந்துவட்டிக்கு வாங்கித் திறக்க வேண்டாம். பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் தொடங்கினால் மானியம் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்றோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பத்து லட்ச ரூபாய்த் திட்டத்தில் ஊர் மாறினால் ஒரு லட்சம் மாறுகிறது! மாவு மில்லோ செக்கோ போட நினைப்பவர், நகர எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டாமா?

பலத்தைப் பற்றிப் பேசும்போது நம் துவாக்குடியை மறக்க முடியுமா? 1960களில் பெல் ஆலை வந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான வெல்டிங், ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. அருமையான தொழிலாளிகள், அருமையான வேலை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வாங்குகிறவர் ஒருவர்தான். பெல்லுக்கு ஆர்டர் குறைந்த ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; இங்கே முன்வரிசையிலேயே அந்தப் பட்டறைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நிமிர்ந்தவர்கள் யார்? சர்க்கரை ஆலைக்கும் சிமென்ட் ஆலைக்கும் போய்க் கதவைத் தட்டியவர்கள். பட்டறை இருந்த இடத்திலேயே இருந்தது. வாங்குகிறவர்களைத்தான் மாற்றினார்கள். இடம் மாற்ற வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் இதையும் ஒருமுறை நினையுங்கள்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும். ஜவுளிக்கடையைத் தீபாவளி முடிந்த வாரத்தில் திறக்காதீர்கள். நோட்டுப் புத்தகக் கடை ஏப்ரலில் தயாராக இருக்க வேண்டும். நல்ல நாள் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டிலும் பார்க்கிறோம். நல்ல நாளைப் பார்த்த கண் நல்ல மாதத்தையும் பார்க்கட்டும்.

இப்போது வருகிறேன், வள்ளுவர் வரிசையில் நீங்கள் காத்திருந்த நான்காவது கேள்விக்கு, இடத்துக்கு.

என் தகப்பனார் பேருந்து நிறுத்தம் ஒன்றின் அருகே டிபன் கடை வைத்திருந்தார். இட்லி, பொங்கல், டீ. காலை ஆறரைக்குப் போணி. பத்தரைக்கெல்லாம் பாத்திரம் காலி. ஒருநாள் சாலைக்கு எதிர்ப்புறம் இதைவிடப் பெரிய இடம், வாடகையும் குறைவு என்று ஒருவர் சொன்னார். தூரம் எவ்வளவு? நாற்பது அடி. இங்கிருந்து அந்தத் தூண் வரைக்கும்தான். அதே இட்லி, அதே சட்னி, அதே அப்பா. மாறினோம்.

வியாபாரம் பாதியாகப் படுத்துவிட்டது.

ஏன்? எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. என் அம்மாதான் கண்டுபிடித்தார். ஒரு காலை முழுக்க வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க, காலைல டவுனுக்குப் போறவங்க எல்லாம் அந்தப் பக்கம்தான நிக்கிறாங்க. பஸ்ஸை விட்டுட்டு ரோட்டைத் தாண்டி இட்லி திங்க வருவாங்களா?" எங்கள் பக்கம் நின்ற பேருந்துகள் மாலையில் வீடு திரும்புகிறவர்களை இறக்கிவிடும் பேருந்துகள். வீட்டுக்குப் போகிறவர் இட்லி தேடமாட்டார். அவர் தேடுவது காய்கறி, பழம், பிள்ளைக்கு ஒரு பொட்டலம் பக்கோடா. அப்பா பிறகு மாலையில் போண்டா, பஜ்ஜி போட்டு ஒருவாறு நிமிர்ந்தார். ஆனால் அப்படி நிமிர்வதற்குள் ஓடிய எட்டு மாதத்தில் அம்மாவின் கைவளையல்கள் அடகுக்குப் போயின. ஒரு ஜோடிதான் திரும்பி வந்தது.

நாற்பது அடி, நண்பர்களே! இடம் என்றால் நாம் சுவரைப் பார்க்கிறோம், டைல்ஸைப் பார்க்கிறோம், பார்க்கிங் இருக்கிறதா என்று பார்க்கிறோம். எந்தக் கால்கள், எந்த நேரத்தில், எந்தத் திசையில் போகின்றன என்பதை அல்லவா பார்க்க வேண்டும்?

ஒரு கடைக்கு இப்படி என்றால் ஒரு சந்தையே இடம் மாறினால்? சென்னைக் கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. ஜார்ஜ் டவுனின் சந்துகளிலிருந்து பல தலைமுறைச் சந்தை பெயர்ந்தது. தயங்கினார்கள், எதிர்த்தார்கள். ஆனால் அது நிலைத்தது. நம் காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் 2017இல் ஒரு சந்தையைத் திறந்தார்கள். கடைகள் கட்டப்பட்டன, விளக்கு போடப்பட்டது. வியாபாரிகள் போகவில்லை. தூரம் என்றார்கள், கடை சிறியது என்றார்கள்.

ஒன்று ஏன் நிலைத்தது? மற்றது ஏன் நிற்கவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். சந்தை என்பது ஒரு வியாபாரி இல்லை. லாரி வேண்டும், சுமை தூக்கும் தொழிலாளர் வேண்டும், விடியற்காலை டீக்கடை வேண்டும், மூட்டை வாங்கிப் போகிற சில்லறை வியாபாரி வேண்டும், அவர் வந்துபோகப் பேருந்து வேண்டும். கோயம்பேட்டுக்கு மொத்த வியாபாரம் மொத்தமாகப் போனது. எனவே வாங்குகிறவரும் போனார். கள்ளிக்குடிக்கு முதலில் போகிறவர் தனியாக நிற்க வேண்டியிருந்தது. எதிர்க்கடைக்காரர் காந்தி மார்க்கெட்டிலேயே இருக்கும்போது நான் மட்டும் போனால் என் வாடிக்கையாளர் யாரிடம் போவார்? பக்கத்துக் கடைக்குத்தானே? அந்தப் பயம் நியாயமானது. அதைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் கடை நடத்திப் பார்த்ததில்லை. இப்போது பஞ்சப்பூரில் புதிய காய்கறிச் சந்தைக்கு ஏற்பாடு நடக்கிறது. சங்கத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: போவது என்று முடிவானால் ஒரே நாளில், ஒரே அணியாகப் போங்கள். பாதிச் சந்தை அங்கே, பாதிச் சந்தை இங்கே என்றால் இரண்டிலும் ஈ ஓட்டுவோம்.

கோயம்பேட்டின் கதையில் இன்னொரு பாகம் உண்டு. 2002இல் அங்கே புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது. சுற்றி உணவகம், விடுதி, பயணப் பைக் கடை என்று ஓர் ஊரே முளைத்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. கோயம்பேட்டில் ராத்திரி இரண்டு மணிக்கும் சுடச்சுடப் பரோட்டா போட்ட கல் ஆறியது. யார் தப்பித்தார்கள்? சுற்றியிருக்கும் குடியிருப்புக்காரர்களையும் சந்தைக்காரர்களையும் வாடிக்கையாக வைத்திருந்தவர்கள். பயணி இன்று வருவார், நாளை வேறு ஊரில் இருப்பார். அவரை நம்பிய கடை பேருந்தோடு வந்தது. பேருந்தோடு போக வேண்டியதுதான்.

மத்தியப் பேருந்து நிலையத்தருகே கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் கடைக்கு நேற்று வந்தவர்களில் எத்தனை பேர் முகம் உங்களுக்குத் தெரியும்? பெரும்பாலும் தெரிந்த முகம் என்றால் பதறாதீர்கள். நகரப் பேருந்து இன்னும் வருகிறது, அலுவலகங்கள் இருக்கின்றன, ரயில் நிலையம் எங்கும் போகவில்லை. தெரியாத முகமே அதிகம் என்றால் உங்கள் வாடிக்கை பஞ்சப்பூருக்கு ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள்தான் இன்னும் போகவில்லை.

மாறுவது என்று முடிவு செய்தவர்களுக்கு, கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சில வார்த்தைகள். முதலில் பாக்கியை வசூல் செய்யுங்கள். கடை மாறும் செய்தி தெரிந்த பிறகு பற்று நோட்டில் உள்ள பெயர்கள் அந்தத் தெருவிலேயே நடக்கமாட்டா. பழைய கடையை ஒரே நாளில் காலி செய்யாதீர்கள்; முடிந்தால் ஒரு மாதம் இரண்டையும் நடத்துங்கள். முடியாவிட்டால் புது விலாசம் எழுதிய பலகையை அங்கேயே தொங்கவிடப் பழைய வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்குங்கள். தொலைபேசி எண்ணை மாற்றவே மாற்றாதீர்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் புது விலாசத்தைப் பதினைந்து நாளுக்குள் திருத்தக் கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்தோடு ஒட்டியது. பழைய உரிமத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் புதுச் சுவரில் மாட்டினால் செல்லாது. மின் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கடைக்குள் நீங்கள் போட்ட ரேக்கும் ஷோகேஸும் யாருக்குச் சொந்தம் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். அந்த வரி இல்லாததால் கண்ணாடி அலமாரிகளை அப்படியே விட்டுவிட்டு வந்த ஒரு மருந்துக்கடைக்காரரை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கப் போகிறேன். பஞ்சப்பூரில் இடம் பார்த்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். பரவாயில்லை, கூச்சம் வேண்டாம். பத்துப் பதினைந்து பேர் இருக்கிறீர்கள். நாளை திங்கட்கிழமை. நாளையும் வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் பார்த்த அந்த இடத்தின் வாசலில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் கடக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நடந்து போகிறார்கள், எத்தனை பேர் வண்டியில் பறக்கிறார்கள், எத்தனை பேர் கையில் ஏற்கெனவே வாங்கிய பை இருக்கிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். வீட்டில் அம்மாவோ மனைவியோ இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். என் அம்மா பார்த்தது என் அப்பாவின் கண்ணில் படவில்லை. அடுத்த ஞாயிறு இரவு இதே மண்டபத்தின் பின் அறையில் எட்டு மணிக்கு உட்கார்ந்திருப்பேன். நோட்டைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் அந்த ஓர் எண்ணைப் போட்டுத் தருகிறேன். அதுவரை அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.